இரண்டுங்கெட்டான் ஐந்து

தார்த்து நகரம். ஜனவரி. காலை எட்டரை,
இன்னும் இருட்டு.
வெளியே மைனஸ் பதினேழு,
வெட்டும் பெட்டிக்குள் மைனஸ் இருபத்திரண்டு.
கோட்டைக் கழற்றி மாட்டிவிட்டு
தெருவைவிடக் குளிரான ஒன்றுக்குள்
கையை விடுகிறேன்.

பயறளவு தொடைத் தசை.
கொடுத்தவர் எண் முப்பத்தொன்று.
ஆண், எழுபத்து மூன்று,
பெய்ப்சி ஏரியில் மீன்பிடி.
தாளில் அவ்வளவுதான்.
பெயர் வேறு அலமாரியில், வேறு பூட்டுக்குள்.

முதல் துண்டு வீண்.
உறையவைத்தவர் கொஞ்சம் தாமதித்திருக்கிறார்,
இழைக்கு இழை ஓட்டை:
உள்ளிருந்த நீரே ஊசியாகிக் குத்தியிருக்கிறது.
இரண்டாவது தேறியது.

பத்து மைக்ரான் சீவல்
கத்தியில் சுருளும்.
தூரிகை முனையால் நீவ வேண்டும், மூச்சு விடாமல்.
ஸ்லைடை அருகே கொண்டுபோனால்
தானே தாவி ஒட்டிக்கொள்ளும்.
பதினோரு வருடம்.
அந்தத் தாவல் மட்டும் அலுக்கவில்லை.

ஒரு சீவலுக்கு அமிலக் குளியல்,
அடுத்ததற்குக் காரம்.
பிறகு கால்சியம், கோபால்ட்,
கடைசியில் அழுகிய முட்டை நாற்றம்,
அதோடு இறங்கும் கறுப்பு.
அமிலத்தில் மெதுவானவை கரி, வேகமானவை வெளுப்பு.
காரத்தில் அப்படியே தலைகீழ்.

இனி எண்ண வேண்டும்.
நான் இந்த அறையில், ரைவோ அடுத்த அறையில்,
ஒருவர் தாளை ஒருவர் பார்க்காமல்
கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு.
எண்ணி முடித்ததும் ஒவ்வொன்றையும் சுற்றி
மௌஸால் வேலி போட வேண்டும்;
வேலிக்குள் எத்தனை சதுர மைக்ரான் என்று
கணினி சொல்லும்.
(போன மார்ச்சில் அளவுகோலைத்
தவறான லென்ஸுக்கு மாட்டிவைத்து
ஒரு வாரம் முழுக்க மனிதர்களை
நான்கு மடங்கு பருக்கவைத்தேன்.)
முப்பத்தொன்றின் வேகமான இழைகள்
வற்றியிருக்கின்றன.
மெதுவானவை அப்படியே, திண்ணென்று.

என் கணக்கு: மெது நூற்றுப் பத்தொன்பது, வேகம் தொண்ணூற்று மூன்று.
ரைவோ: நூற்றுப் பதினாறு, தொண்ணூற்றாறு.
கூட்டினால் இருவருக்கும் இருநூற்றுப் பன்னிரண்டு.
எங்கே பிசகு?
படங்களை அருகருகே வைத்துத் தேடினோம்.
ஐந்து இழைகள்
அமிலத்திலும் கறுப்பு, காரத்திலும் கறுப்பு.
நான் நாலை இந்தப் பக்கம் தள்ளியிருந்தேன்,
அவன் அதே நாலை அந்தப் பக்கம்.
ஐந்தாவதில் இடம் மாறியிருந்தோம்.

"இரண்டுங்கெட்டான்" என்றான்.
"இரண்டும் கெடவில்லையே, இரண்டும் இருக்கிறதே" என்றேன்.
மாறிக்கொண்டிருந்ததா,
மாறாமலே இருந்து பழகியதா,
செத்த தசை சொல்லாது.

மதியம் தையல் பிரிக்க வந்த ஒருவர்
மாடி தவறி எங்கள் கதவைத் தட்டினார்.
மேலெல்லாம் புகைபோட்ட மீன் வாசம்.
முப்பத்தொன்றாக இருக்கலாம்,
முப்பதாகவும் இருக்கலாம்.
"என் கறியை என்ன செய்தீர்கள்?" என்றார்.
சொல்லக் கூடாது. தெரியவும் தெரியாது.
திரையை மறைக்கத்தான் எழுந்தேன்,
அதற்குள் பார்த்துவிட்டார்.
"கல் பாவிய தெரு மாதிரி இருக்கு.
இந்த அஞ்சைச் சுற்றி மட்டும் ஏன் சிவப்பு?"

சண்டை என்றான் ரைவோ.

அவர் தொப்பியைத் திருகினார்.
"ஏரி உறைகிற வாரம்
படகும் போகாது, சறுக்குவண்டியும் போகாது.
அந்த வாரம் என் பெண்டாட்டிக்கு
என்னைப் பார்த்தாலே ஆகாது."
வலது காலை லேசாக இழுத்து
லிஃப்டுக்குள் போனார்.

படிவத்தில் இரண்டே கட்டங்கள்.
பென்சிலால் மூன்றாவது கோடு கிழித்து
மெது நூற்றுப் பதினைந்து,
வேகம் தொண்ணூற்றிரண்டு,
ஐந்து என்று எழுதினேன்.
ஐந்துக்குத் தலைப்பு வைக்கவில்லை.

ரைவோ போன பிறகுதான் கண்ணில் பட்டது
ஆறாவது ஒன்று,
படத்தின் விளிம்பில் பாதி வெட்டுப்பட்டு,
இரண்டிலும் கறுப்பாக.

விளிம்பில் வெட்டுப்பட்டதை எண்ணக் கூடாது.
எண்ணவில்லை.
விளக்கை அணைக்கக் கொஞ்சம் நேரமானது.